தேங்காய்ப்பால் விடுமுன் ஓர் அகப்பை

புத்தளம் மாவட்டக் கரையோர வீடுகளில் காலை பத்து மணியளவில் குசினிப் பக்கம் திருவலைச் சத்தம் கேட்கும். அதற்கு முதலில் ஓடிவருவது வீட்டு நாய். திருவுகிறவரின் கையிலிருந்து ஒரு சொட்டுத் தேங்காய் கீழே விழும், அல்லது விழவிடப்படும். நாய் நக்கிவிட்டுப் போகும். அதைச் சாப்பாடு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சதையி அழற்சியில் விழுந்து எழும்பிய ஒரு சின்ன நாய்க்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்விக்கு உலகெங்கும் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: கொழுப்பைக் குறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. சிலாபம், உடப்பு, முந்தல், கற்பிட்டி என்று நீளும் இந்தக் கரையில் அந்தப் பதிலைக் குசினிக்குள் கொண்டுவருவதுதான் சிரமம். இங்கே தேங்காய் இல்லாமல் கறி இல்லை, சொதி இல்லை, சம்பல் இல்லை. ஆகவே இந்த நோய் பற்றி அறிவியல் கண்டது எது, இன்னும் தீராத வாதம் எது, நம் சட்டிக்குள் இருக்கும் எதெது நாய்க்கு ஆகும் என்று ஒரு சுற்றுப் பார்ப்போம்.

தன்னையே செரிக்கும் உறுப்பு

இலங்கைப் பாடப்புத்தகத்தில் சதையி, தமிழ்நாட்டில் கணையம். இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதைப் பட்டி. புரதம், கொழுப்பு, மாப்பொருள் மூன்றையும் செரிக்கும் நொதிகளை இதுதான் சுரக்கிறது. அந்த நொதிகள் குடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகே விழித்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் சதையிக்குள்ளேயே விழித்துவிட்டால், அந்த உறுப்பு தன்னையே செரிக்கத் தொடங்கும். 1896இல் ஹான்ஸ் கியாரி இந்தக் கருத்தை முன்வைத்தார். அதற்கு 40 ஆண்டு முன்பே, 1856இல், பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னார்ட் ஒரு நாயின் சதையிக் குழாய்க்குள் பித்தமும் ஒலிவ் எண்ணெயும் செலுத்தி இந்த அழற்சியை உண்டாக்கிக் காட்டியிருந்தார். சதையியைச் சுரக்கத் தூண்டும் செக்ரிட்டினை 1902இல் பெய்லிஸ்சும் ஸ்டார்லிங்கும் இலண்டனில் கண்டுபிடித்ததும் நாயில்தான். மனிதரின் சதையி பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு நாய்கள் உடலால் கொடுத்த அறிவு.

நாய்க்கு இது வந்தால் வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, வயிற்று வலி. முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நின்றால் அது பெரும்பாலும் வயிற்று வலியின் அடையாளம். ஆனால் வாந்தி எடுக்கிற நாயெல்லாம் சதையி நோயாளி என்று எண்ணக் கூடாது. கரையில் ஒதுங்கிய பேத்தை மீனைக் கடித்திருக்கலாம். தூண்டில் முள்ளை விழுங்கியிருக்கலாம். பார்வோ வைரசாக இருக்கலாம். உண்ணி பரப்பும் பபேசியா நோயின் சிக்கலாகச் சதையி அழற்சியே வருவதும் உண்டு. நாயின் சதையி லைபேஸை அளக்கும் குருதிப் பரிசோதனையும் வயிற்று ஸ்கானும் சேர்ந்துதான் ஓரளவு உறுதி தரும். இந்தக் கட்டுரை வைத்தியர் நோயைச் சொன்ன பிறகு தொடங்குகிற கதை.

காரணம் பல வேளைகளில் தெரிவதில்லை. மினியேச்சர் ஷ்னவுசர் போன்ற சில சின்ன இனங்களின் குருதியில் ட்ரைகிளிசரைட் கொழுப்பு பிறவியிலேயே மிகுந்திருப்பதுண்டு. அவற்றுக்கு ஆபத்தும் கூடுதல். 2008இல் அமெரிக்காவில், நோய் வந்த 198 நாய்களை வேறு நோயுள்ள 187 நாய்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. வழக்கமில்லாத தீனி, குப்பையைக் கிளறித் தின்றது, மேசையில் மிஞ்சியதைத் தின்றது ஆகிய மூன்றுமே நோயோடு சேர்ந்து வந்தன. முன்னேஸ்வரத் திருவிழா, தலவில அன்னம்மாள் பெருநாள், நத்தார், சித்திரை வருடப் பிறப்பு என்று ஆண்டு முழுக்க விருந்து நடக்கிற நம் ஊருக்கு இந்த முடிவைச் சொல்ல அமெரிக்கா தேவையில்லை. விருந்துக்கு மறுநாள் நாய் சுருண்டு கிடப்பதை எத்தனையோ வீடுகள் கண்டிருக்கின்றன.

பட்டினியா, சாப்பாடா?

முதல் வாதம் இது. சாப்பாடு வாயில் பட்டால் சதையி சுரக்கும், சுரந்தால் எரியும், ஆகவே சதையிக்கு ஓய்வு கொடுங்கள், நாலைந்து நாள் வாயில் எதுவும் வைக்காதீர்கள் என்று வைத்தியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. ஆனால் குடலின் உட்சுவர் தன் வழியே போகும் உணவிலிருந்துதான் பெருமளவு ஊட்டம் எடுக்கிறது. உணவு வராத குடல் மெலியும். மெலிந்த சுவரைக் கடந்து கிருமிகள் குருதிக்குள் நுழைய வழி பிறக்கும். 1990களின் பிற்பகுதியில், கடும் சதையி அழற்சி வந்த மனிதருக்கு நாளம் வழியாக ஊட்டம் ஏற்றுவதைவிடக் குழாய் வழியாகக் குடலுக்குள் உணவு செலுத்துவதே நல்லது என்று மருத்துவமனை ஆய்வுகள் காட்டத் தொடங்கின.

அந்தப் பாடம் நாய்க்குத் திரும்பி வரச் சில ஆண்டுகள் எடுத்தன. 2011இல் அவுஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்ட் குழுவினர் கடும் நோயுற்ற 10 நாய்களை எடுத்து, சிலவற்றுக்குக் கழுத்து வழியாக உணவுக்குழாய்க்குள் வைத்த குழாயாலும், மற்றவற்றுக்கு நாளத்தாலும் ஊட்டம் கொடுத்தார்கள். குழாயால் உண்ட நாய்கள் வாந்தி எடுத்தது குறைவு. 34 நாய்களின் பழைய பதிவுகளைப் புரட்டி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், 48 மணி நேரத்துக்குள் உணவு பெற்றவை விரைவாகத் தாமாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தன. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். என்றாலும் வலியையும் குமட்டலையும் மருந்தால் அடக்கி, வாந்தி தணிந்ததும் சிறிது சிறிதாக உணவு கொடுப்பதே இன்று பெரும்பாலான வைத்தியர்களின் வழி.

வீட்டில் இதற்கு இரண்டு பொருள். ஒன்று, பட்டினி நாளை எண்ணும்போது வைத்தியரிடம் போன நாளிலிருந்து எண்ணக் கூடாது. நாய் கடைசியாகச் சாப்பிட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு நாள் கடந்தும் வாய் திறக்கவில்லை என்றால் மறுபடி வைத்தியரிடம் போக வேண்டும். மற்றது, வாயைப் பிளந்து ஊசிக்குழலால் கஞ்சி ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். குமட்டும் வேளையில் திணித்த உணவை நாய் பிறகு என்றைக்கும் வெறுக்கலாம். வலி என்று பனடோல் கொடுப்பதும் கூடாது. மனிதரின் வலிமாத்திரைகள் சின்ன நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை.

கொழுப்பு: எவ்வளவு குறைவு குறைவு?

குடலுக்குள் கொழுப்பும் புரதத் துணுக்குகளும் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஓமோன் சுரந்து சதையியைத் தட்டி எழுப்பும். கொழுப்பைக் குறைக்கச் சொல்வதற்கு அடிப்படை இது. கொழுப்பு மிகுந்து புரதம் குறைந்த தீனி தின்ற நாய்களின் சதையி கெட்டதை 1948இலேயே கலிபோர்னிய ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2009இல் நோயில்லாத நாய்களுக்கு வெவ்வேறு கொழுப்பளவில் தீனி கொடுத்துப் பார்த்தபோது, குருதியில் தெரியும் சதையி அடையாளங்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே கொழுப்பு ஒன்றுதான் குற்றவாளி என்று தீர்ப்பெழுத இடமில்லை. நோய் வந்த நாயில் கொழுப்பைக் குறைப்பதால் நட்டமில்லை, நன்மைக்கு வாய்ப்பு உண்டு என்ற அளவிலேயே இந்த அறிவுரை நிற்கிறது.

அளவு சொல்லும்போது வைத்தியர்கள் சதவீதத்தை நம்புவதில்லை. 1,000 கிலோகலோரிக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று பார்ப்பார்கள். 30 கிராமுக்குக் கீழ் என்றால் குறைந்த கொழுப்பு. குருதிக் கொழுப்பு ஏறிய நாய்க்கோ நோய் திரும்பத் திரும்ப வரும் நாய்க்கோ 20 கிராமுக்கும் கீழே இறங்கப் பார்ப்பார்கள்.

5 கிலோ நாயின் தட்டு

ஓய்விலிருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய சக்திக்கு ஒரு கணக்கு உண்டு. 5 கிலோ நாய்க்கு அது ஏறத்தாழ 234 கிலோகலோரி. குணமாகும் நாய்க்கு முதலில் இந்த அளவை எட்டினாலே போதும்.

தோலும் எலும்பும் நீக்கி அவித்த கோழி நெஞ்சிறைச்சி 60 கிராம், குழைய வடித்த வெள்ளைச் சோறு 100 கிராம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 229 கிலோகலோரி. கொழுப்பு 2½ கிராம். கணக்குப் பார்த்தால் 1,000 கிலோகலோரிக்கு 11 கிராம். நாளொன்றின் முழுச் சாப்பாடும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சின்ன நாய்க்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்பதை நாம் உணர்வது தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான்.

அதையும் முதல் நாளே கொடுப்பதில்லை. முதல் நாள் கால் பங்கு, மறுநாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், நாலாம் நாள் முழு அளவு. கால் பங்கை ஐந்து வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 8 கிராம்; ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. வாந்தி திரும்பினால் முந்திய நாள் அளவுக்கு இறங்கி, வைத்தியருக்கும் சொல்ல வேண்டும். இந்த வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நாயைப் பார்த்த வைத்தியரின் பொறுப்பு.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். தோலை அவிக்குமுன் உரிக்க வேண்டும். பிறகு உரித்தால் கொழுப்பு அவித்த நீரில் இறங்கியிருக்கும். இரசம் கொடுப்பதானால் அந்த நீரைப் பிரிட்ஜில் வைத்து, மேலே வெள்ளையாக உறைவதை வழித்தெறிந்துவிட்டுக் கொடுக்கலாம். உப்பு, தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதியணுக்களை உடைப்பவை, சேரவே கூடாது. சிவப்பரிசியின் தவிட்டு நாரும் பருப்பும் தொடக்கத்தில் வயிற்றில் நேரம் தங்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். சோற்றுக்கு மாற்றாக அவித்த உருளைக்கிழங்கும், கோழிக்கு மாற்றாக அவித்த முட்டையின் வெள்ளைக் கருவும் நல்லவை. மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டும். ஒரு முட்டையின் 5 கிராம் கொழுப்பும் அநேகமாக அதற்குள்தான் இருக்கிறது.

தேங்காயின் கணக்கு

இனி நம் ஊர்க் கேள்விக்கு வருவோம். குருநாகல், புத்தளம், கம்பகா மூன்று மாவட்டமும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிறுவகம் 1929இலிருந்து இந்த மாவட்டத்து லுணுவிலவில்தான் இயங்குகிறது. தேங்காய் கெடுதல் செய்யும் என்று இங்கே சொல்வது தாய்வீட்டைக் குறை சொல்வது போல.

100 கிராம் பச்சைத் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு. தண்ணீர் விட்டுப் பிழிந்த முதற்பாலில் 24 கிராம் அளவில். மேலே சொன்ன தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சின்னப் பிடி, 30 கிராம், தேங்காய்ப்பூ சேர்ந்தால் கொழுப்பு 2½ கிராமிலிருந்து 12½ கிராமாகிவிடும். 1,000 கிலோகலோரிக்கு 37 கிராம். குறைந்த கொழுப்புச் சாப்பாடு ஒரே பிடியில் எல்லையைத் தாண்டிவிட்டது. உடலின் சக்தித் தேவையை வைத்து ஒப்பிட்டால், 5 கிலோ நாய்க்கு ஒரு பிடி 60 கிலோ மனிதருக்கு ஆறு பிடிக்கும் மேல்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பு நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அது சதையியின் உதவியில்லாமலே செரிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. அப்படி எளிதாக உறிஞ்சப்படுபவை 8, 10 கார்பன் கொண்ட அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்குக்கு மேல் வராது. ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். 12 கார்பன் கொண்டது. பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்புப் போலவே நடந்துகொள்ளும். நாயின் தோலுக்கும் மயிருக்கும் கட்டாயம் வேண்டிய லினோலெயிக் அமிலமோ தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு. ஆகவே மருந்து என்று சொல்லியும் இதை நுழைக்க வழியில்லை.

தேங்காய்க்குப் பக்கத்தில் இன்னும் சில ஒளிந்திருக்கின்றன. பால்தேநீரில் தோய்த்த பாண் துண்டு நம் நாய்களின் காலைப் பழக்கம்; முழு ஆடைப் பால்மாவில் கால் பங்குக்கு மேல் பாற்கொழுப்பு. எருமைத் தயிர், பாற்சோறு, ரொட்டி, மாலை நேர வடை, கோழித்தோல் எல்லாம் இந்த வரிசைதான். பிஸ்கட் உறையின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்காது என்றால் பூசணி, கரட், வெள்ளரி, விதை நீக்கிய பப்பாசி இவற்றில் ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம்; கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம்.

கடல் தருவது

கோழியைவிட மீன் மலிவாகவும் பச்சையாகவும் கிடைக்கிற கரை இது. மீன் கொடுக்கலாமா? எந்த மீன் என்பதைப் பொறுத்தது. கலவாய், விளை, பாரை போன்ற வெள்ளைச் சதை மீன்களில் கொழுப்புக் குறைவு. சூரையும் அப்படித்தான், ஆனால் வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், அவித்தாலும் போகாது. சாளை, சூடை, கும்பிளா எண்ணெய் மீன்கள்; அவற்றின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் என்பது வலை இழுக்கிறவர்களுக்குத் தெரியும். குணமாகும் நாய்க்கு அவை வேண்டாம். ரின்மீனும் கருவாடும் உப்பால் விலக்கு. எந்த மீனானாலும் அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்த பிறகே தட்டுக்குப் போக வேண்டும். தலையும் குடலும் நாய்க்கு என்று ஒதுக்குகிற வழக்கத்தை இந்த நாய்க்கு மறந்துவிட வேண்டும். மீனின் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்தில்தான்.

மீன் எண்ணெய்க் குளிகை குருதியின் ட்ரைகிளிசரைட்டைக் குறைக்க உதவலாம். ஆனால் அதுவும் கொழுப்பு. நோய் அடங்கி, குருதி பார்த்து, வைத்தியர் அளவு சொன்ன பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

ரின்னும் சட்டியும்

சதையி நோய்க்கென்றே குறைந்த கொழுப்பில் தயாரித்த தீனிகளை ஹில்ஸ், ரோயல் கனின் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அளவும் சத்தும் சீராக இருப்பது அவற்றின் பலம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி விலை எங்கே நிற்கிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கே 40 கிலோமீட்டருக்கு மேல்; போனாலும் அன்று கடையில் இருக்குமோ தெரியாது. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் பெரும்பாடு மாடும் ஆடும் கோழியும். சிக்கலான நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது. ஒவ்வொரு வாந்திக்கும் மலையேற முடியாது.

சாதாரண ரின் தீனி வாங்குகிறவர்கள் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ரின்னில் கொழுப்பு 4 சதவீதம், உலர்தீனிப் பையில் 12 சதவீதம் என்று போட்டிருந்தால் 4தான் குறைவு என்று தோன்றும். ரின்னில் 78 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மிஞ்சும் 22இல் 4 என்பது 18 சதவீதம். 10 சதவீதமே ஈரமுள்ள பையிலோ 12 என்பது 13தான்.

வீட்டுச் சட்டிக்கும் குறை உண்டு. கோழியும் சோறும் சில கிழமைக்கு ஆகும், மாதக்கணக்கில் ஆகாது. சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், சில விற்றமின்கள், கட்டாயக் கொழுப்பமிலம் எல்லாமே அதில் போதாது. நீடிப்பதானால் எதை எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் எழுதி வாங்க வேண்டும். செரிமான நொதித் தூள் எல்லா நாய்க்கும் வேண்டியதில்லை. சதையி நிரந்தரமாகச் சேதமாகி, நாய் நன்றாகத் தின்றும் மெலிந்து, எண்ணெய்ப் பசையோடு அதிகம் மலம் கழித்தால் அது வேறு நோய். அங்கேதான் அந்தத் தூளுக்கு வேலை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிறுநீர் கழித்தால் நீரிழிவையும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு காலம்?

விருந்து மிச்சத்தால் ஒரே தடவை வந்து போன நோயானால், சில கிழமைக்குப் பிறகு கொழுப்பு குறைவான சாதாரணத் தீனிக்கு நாலைந்து நாளில் மெல்ல மாறலாம். இரண்டாம் முறை வந்துவிட்டாலோ, பட்டினியில் எடுத்த குருதியிலும் ட்ரைகிளிசரைட் ஏறியிருந்தாலோ, இந்தத் தட்டு வாழ்நாளுக்கும். இடையில் எடையும் பார்க்க வேண்டும். கொழுத்த நாய்க்கு ஆபத்து கூடுதல், குணமானதும் பசி கூடும், வீட்டாரின் இரக்கமும் கூடும்.

அந்த இரக்கத்தைத்தான் எந்த ஆய்வும் அளக்கவில்லை. உடப்புப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 5 கிலோவுக்குச் சற்று மேல் நிற்கும் ஒரு பொமரேனியன் இருக்கிறது. நோயிலிருந்து எழும்பிய முதல் மாதம் அதற்கு எதுவும் சரிவரவில்லை. மகள் நிறுத்துத்தான் வைத்தாள். ஆனால் தாத்தா ஒரு துண்டுப் பாண், பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் ஒரு பிஸ்கட், அம்மம்மா ஒரு விரல் சொதி. "ஒரு சொட்டுத்தானே பிள்ளை, பாவம், வாயைப் பார்த்துக்கொண்டு நிக்குது" என்பார் அம்மம்மா. ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு சொட்டுத்தான். சேர்ந்தபோது அது இரண்டாவது சாப்பாடு.

கடைசியில் வழி கண்டதும் அம்மம்மாவே. மீன் அவிந்ததும், உப்பும் புளியும் சேருமுன், தேங்காய்ப்பால் விடுமுன், அகப்பையால் ஒரு துண்டை எடுத்து வெள்ளைக் கோப்பையில் போட்டு மூடிவைக்கத் தொடங்கினார். பத்து மணிச் சத்தத்துக்கு நாய் ஓடிவந்தால் கொடுக்கிற கை அந்தக் கோப்பைக்குப் போகும். மகள் காலையில் நிறுத்த அளவுக்கு மேல் கோப்பையில் எதுவும் இருக்காது. பாணும் பிஸ்கட்டும் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் நாயைக் கூடையில் வைத்து மீன் வாடிக்குத் தூக்கிப்போவான். மீன் நிறுக்கும் தராசில் கூடையோடு ஒருமுறை, வெறுங்கூடை ஒருமுறை. கழித்து வந்த எண்ணை அவன் குசினிக் கதவில் கரித்துண்டால் எழுதி வைக்கிறான். நான் கடைசியாகப் பார்த்தபோது கதவில் பதினொரு எண்கள் இருந்தன; முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 100 கிராம் கூட இல்லை.